குடியை விடத் துணைக்குழு தேடுவது: கோலா பிலா வட்டாரத்துக்கு ஒரு வழி

குடியை விட்டே தீருவது என்று முடிவெடுத்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் எழுதிய அத்தியாயம் இது. குடி நோயா, கெட்ட பழக்கமா என்ற விவாதம் இங்கே இல்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ஜுவாசே, செனாலிங், ஜொகோல் பக்கத்துத் தோட்டத்தில் இருந்துகொண்டு, தன்னைப்போலவே குடித்து, தன்னைப்போலவே விடப்பார்ப்பவர்களோடு வாரம் ஒரு முறையாவது உட்கார ஓர் இடம் பிடிப்பது எப்படி என்பது மட்டும்தான் விஷயம்.

கோலா பிலா பட்டணத்தைக் கடை கடையாகச் சுற்றினாலும் இப்படிப்பட்ட குழுவுக்குப் பலகை கண்ணில் படாது. எந்த ஊரிலும் இவை பலகை மாட்டுவதில்லை. ஏதாவது ஒரு தேவாலயத்து அறையிலோ மண்டபத்து மூலையிலோ ஒரு மணி நேரம் கூடி, நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தொலைபேசி வழியாகவும் டாக்டர் வழியாகவும்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.

அடுத்தது தூரம். கோலா பிலாவிலிருந்து புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கினால் சிரம்பான் சுமார் 40 கிலோமீட்டர். ‘அவ்வளவு தூரம் யார் போவது’ என்பதைத்தான் எல்லோரும் முதல் தடையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சௌகரியமாகவே படுகிறது. யார் வீட்டில் நேற்று இரவு என்ன சத்தம் என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்பே கடைசி லயம் வரை தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வாயைத் திறந்து உண்மை பேசுவது கஷ்டம். நம் அப்பா பெயர் தெரியாத, நம் பிள்ளை படிக்கும் பள்ளி தெரியாத ஆட்கள் நடுவில் பேசுவது சுலபம். முதல் சில மாதங்களுக்குத் தூரத்துக் குழுதான் நல்ல குழு.

முதலில் உடம்பு: ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறதா? அப்படியானால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பொதுவாக நடப்பது இது:

- கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள்: நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை.
- முதல் இரண்டு நாளுக்குள்: சிலருக்கு வலிப்பு.
- இரண்டாம் நாள் கடைசியிலிருந்து ஐந்தாம் நாள் வரை: சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி ஊரும், இல்லாத ஆள் தெரியும், உடம்பு கொதிக்கும்.

மூன்றாவது நிலை உயிரை வாங்கக்கூடியது. பல வீடுகளில் அப்போதுதான் ‘காத்து கருப்பு பட்டுவிட்டது’ என்று பூசாரியைத் தேடி ஓடுகிறார்கள். திருநீறு பூசுவதில் தவறில்லை. பூசிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். இல்லையென்றால் கோலா பிலாவில் உள்ள துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வண்டி பிடியுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் விரதக்காரர்கள். தைப்பூசத்துக்கோ ஐயப்பனுக்கோ மாலை போட்ட அன்றே பாட்டிலைத் தூக்கி எறிவார்கள். மனசு உறுதியாகத்தான் இருக்கும். இருபது வருஷம் சாராயத்தில் ஊறிய உடம்புக்கு அந்த உறுதி தெரியாது. தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போடுவதற்கு ஓரிரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கிளினிக்கில் என்ன செய்வது

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்து மருந்தக டிரெசர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அங்கே காத்திருக்கும் ஆட்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். கூச்சமாக இருந்தால் நேரே கோலா பிலா கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். மலேசியக் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்.

2. முகப்பில் சுற்றி வளைக்காதீர்கள். ‘வயிறு சரியில்லை’ என்று சீட்டு வாங்கினால் வயிற்று மருந்தோடு திரும்புவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: ‘சாயா நா பெர்ஹெந்தி மினும் அராக். போலே ஜும்பா டோக்டோர்?’ (குடியை நிறுத்த வேண்டும், டாக்டரைப் பார்க்கலாமா என்று அர்த்தம்.) மீதியை உள்ளே போய்ச் சொல்லலாம். மலாய் சரளமாக வராதவர், பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகட்டும். மகளையோ மகனையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். பிள்ளை முன்னால் யாரும் அளவைச் சரியாகச் சொல்வதில்லை.

3. டாக்டருக்கு நான்கு விவரம் தேவை: தினமும் என்ன எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனத்தடுமாற்றமோ வந்ததா, இனிப்பு நீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ வேறு மருந்து எடுக்கிறீர்களா. அளவைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது எல்லாரும் செய்யும் தவறு. உங்களுக்குத் தரப்போகும் மருந்தின் அளவே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

4. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ‘சூராட் ருஜுகான்’, அதாவது பரிந்துரைக் கடிதம், கேளுங்கள். அங்கே போவதால் பைத்தியம் என்று ஆகிவிடாது. குடிநோயைப் பார்க்கும் டாக்டர்கள் அந்தப் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

5. வெளியே வருமுன் ஒரு கேள்வி: ‘இங்கே வந்து குடியை விட்டவர்கள் போகிற கூட்டம் ஏதாவது தெரியுமா?’ டாக்டரைவிட நர்ஸ்களும் மருத்துவமனை சமூகநல அதிகாரியும் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்.

வேலைக்கு என்ன சொல்வது என்ற பயம் இருக்கும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. எம்.சி. தாளில் நோயின் பெயரை எழுதாமல் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். கிராணிக்குத் தேவை தேதியும் கையெழுத்தும்தான்.

எச்சரிக்கை

போதைப்பொருள் தடுப்பு முகவையான ஏ.ஏ.டி.கே.யின் வாசலில் குடிகாரரைக் கொண்டுபோய் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. அதன் வேலை போதைப்பொருள் பற்றியது. மதுவுக்கு வழி சுகாதார அமைச்சின் கிளினிக்கும் மருத்துவமனையும்தான்.

‘குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை’ என்று ஒன்றைச் சிலர் வாங்கி, கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறார்கள். டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் விழலாம், இதயம் தடுமாறலாம், உயிரும் போகலாம். சாப்பிடுபவர் அறிந்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது அது.

இன்னொன்று, கள்ளச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் பலர் இறந்தார்கள். குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழித்துப் பார்வை மங்கினால், மூச்சு வாங்கினால், அது வழக்கமான தலைவலி இல்லை. உடனே மருத்துவமனை.

எந்தக் குழு?

உலகம் முழுக்க அதிகம் பரவியது ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்தது. இருவருமே குடியில் மூழ்கியவர்கள். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற சிகிச்சை மையங்களும் ஆளை வெளியே அனுப்பும்போது கூட்டத்துக்குப் போகச் சொல்கின்றன. மருந்து முதல் வாரத்தைத் தாண்ட வைக்கும். அதற்குப் பின்னால் வரும் வெள்ளிக்கிழமைகளைத் தாண்ட ஆள் வேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வும் அதற்கு ஆளைத் தயார்ப்படுத்தும் முறையான சிகிச்சையும், குடியை முழுதாக விட்டிருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடப் பெரும்பாலும் மேலாகவே இருந்தன.

ஏ.ஏ.வில் கடவுள் பேச்சு வரும். எந்தக் கடவுள் என்று சொல்ல மாட்டார்கள். முனியாண்டியை நினைத்துக்கொள்கிறவரும் மாதாவை நினைத்துக்கொள்கிறவரும் ஒரே வரிசையில் உட்காரலாம். அந்தப் பேச்சே ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்ற வேறொரு முறை இணையத்தில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

குடும்பத்தாருக்கு என்று இருக்கும் குழு அல்-அனான். கணவர் வருகிறாரோ இல்லையோ, மனைவி போகலாம். குடிப்பவர் விட்டால்தான் வீடு தேறும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

தோட்டப்புறத்தில் குடிக்கு எதிராக ஆட்கள் கூடுவது புதிதும் இல்லை. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். அவர்கள் கடையோடு மோதினார்கள். கடை மூடியபின்னும் குடிக்காமல் இருக்க முடியாதவர் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. நீங்கள் தேடும் கூட்டம் அந்தக் கேள்விக்கானது.

தேடும் வரிசை

1. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தெந்த நாள் மாலை ஓய்வு, எந்த வண்டியில் போவீர்கள், தமிழ் அல்லாமல் எந்த மொழியில் உட்கார்ந்து கேட்க முடியும். இது கையில் இல்லாமல் அழைத்தால், எதிர்முனையில் சொல்வதற்கெல்லாம் ‘சரி சரி’ என்று போனை வைத்துவிடுவீர்கள்.

2. கைப்பேசியில் ஏ.ஏ. மலேசியா என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கூட்டப் பட்டியலும் தொடர்பு வழியும் கிடைக்கும். பட்டியல் பழையதாக இருக்கக்கூடும். பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். பூட்டிய கதவு முன்னால் நிற்கிற புதியவர் அடுத்து எங்கே போவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

3. அழையுங்கள், அல்லது செய்தி அனுப்புங்கள். கடைப்பிடிக்க ஒரு மாதிரி: ‘வணக்கம். நான் கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். குடிய விடணும். சிரம்பான்லயோ பக்கத்துலயோ கூட்டம் நடக்குதா? தமிழ்ல பேசுறவங்க இருக்காங்களா? புதுசா வர்றவங்க வரலாமா?’ பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஐ.சி. எண்ணை யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். ஏ.ஏ. அதைக் கேட்காது.

4. பதில் வர நேரமாகலாம். அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து பதில் சொல்கிறவர்கள் அவர்கள். ஒரு நாள் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

5. சிரம்பானில் உங்களுக்கு ஒத்த நாளில் கூட்டம் அமையவில்லை என்றால் கோலாலம்பூர் வட்டாரத்தைக் கேளுங்கள். சிரம்பானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கொமுட்டர் ரயில் இருக்கிறது. வாரா வாரம் அவ்வளவு தூரம் போவது நடக்காது. மாதம் ஒரு ஞாயிறு நேரில், மற்ற வாரங்களில் இணையத்தில் என்று வைத்துக்கொள்ளலாம்.

6. திரும்பி வரும் கடைசிப் பஸ் எப்போது என்பதைக் கூட்டம் எப்போது என்பதற்கு முன்பே விசாரியுங்கள். இரவுக் கூட்டம் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு, ‘சும்மா நேரம் போக்க’ ஒரு கடையில் உட்கார்ந்ததால் வீணான மாலைகள் நிறைய.

குறிப்பு: மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், டாக்டர் தந்த தூக்க மருந்தோ நடுக்க மருந்தோ எடுக்கும் நாள்களில் ஓட்ட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான். போதையில் உயிர்ச்சேதம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை.

இணையக் கூட்டம்

கோவிட் காலத்துக்குப் பின் கைப்பேசியிலேயே கூட்டத்தில் சேர முடிகிறது. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் ஏ.ஏ. குழுக்கள் நிறைய. அவற்றில் இணையம் வழி நடப்பவற்றின் விவரத்தை மலேசியக் குழுவினரிடமே கேட்டு வாங்கலாம். நேரத்தைக் கவனியுங்கள். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் இரவு 7:30க்குத் தொடங்கினால் இங்கே 10 மணி. விடிவதற்கு முன் எழுந்து வெட்டுக்குப் போகிறவருக்கு அது ஒத்துவராது. ஞாயிறு காலைக் கூட்டமாகப் பாருங்கள்.

லயத்து வீட்டில் சுவர் மெல்லிசு. காதில் மாட்டும் இயர்போன் வாங்கிக்கொள்ளுங்கள், கேமராவை மூடி வையுங்கள், திரையில் முழுப் பெயர் வராமல் மாற்றுங்கள். செம்பனைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசுவோரும் உண்டு. சிக்னல் கிடைத்தால் அதுவும் நல்ல இடம்தான், பாம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையிலேயே காலம் தள்ளாதீர்கள். நேரில் உட்கார்ந்தால் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் கால் மணி நேரம் கிடைக்கிறது. அலைபேசி எண் பரிமாறுவதும், ‘சம்பள நாள் எப்படிச் சமாளிக்கிறீங்க’ என்று கேட்பதும் அங்கேதான்.

முதல் கூட்டம்

- ‘திறந்த கூட்டம்’ என்றால் மனைவி, தம்பி, நண்பர் யாரும் கூட வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும். தனியாகப் போகத் தயங்குபவர் திறந்த கூட்டத்தில் தொடங்கட்டும்.
- பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாகப் போனால் எல்லார் முகமும் திரும்பும். அதைச் சாக்காக வைத்தே பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.
- பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ‘இன்னிக்குக் கேட்டுக்கிறேன்’ என்றால் போதும், யாரும் துருவ மாட்டார்கள்.
- ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. நம் ஊர்க் கூட்டங்களில் பழகியவருக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.
- பை ஒன்று சுற்றி வரும். ஒரு ரிங்கிட் போடலாம், போடாமலும் இருக்கலாம்.
- கேட்டது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். தெரிந்த முகத்தை அங்கே பார்த்துவிட்டால், அவரும் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆறு கூட்டம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நியாயம். குழுவுக்குக் குழு வாடை வேறு. ஒன்றில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், இன்னொன்றில் லாரி ஓட்டுநர்கள் இருப்பார்கள்.

பிறகு ஸ்பான்சர். நீண்ட நாள் குடிக்காமல் இருப்பவரில் ஒருவரை, உங்களைத் தனியாக வழிநடத்தக் கேட்பது வழக்கம். அவசரப்பட்டு முதல் நாளே யாரையும் பிடிக்காதீர்கள். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் கேட்பதே பொதுவான நடைமுறை, அதில் அர்த்தம் உண்டு. கடன் கேட்பவர், நேரடி விற்பனைப் பொருளை விற்க வருபவர், தனியாக வீட்டுக்கு அழைப்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் தள்ளி இருங்கள். கூட்டத்துக்கு வரும் எல்லாரும் குடியை விட மட்டும் வருவதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் குடிக்கும் பெண்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அவர்களே கடைசியில்தான் உதவிக்கு வருகிறார்கள். அழைக்கும்போதே ‘பெண்கள் வர்ற கூட்டம் எது?’ என்று கேளுங்கள். முதல் தடவை வாசலில் வந்து அழைத்துப் போக ஒரு பெண் உறுப்பினரை அனுப்பச் சொல்லவும் உரிமை உண்டு.

மறுவாழ்வு இல்லம் என்று யாராவது சொன்னால்

தங்கி இருந்து விடும் இல்லங்கள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஆளை அனுப்புமுன் கேளுங்கள்: முதல் வாரத்தில் டாக்டர் பார்ப்பாரா? மாதம் எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா? குடும்பம் எப்போது போய்ப் பார்க்கலாம்? வெளியே வந்தபின் எந்தக் கூட்டத்தோடு இணைப்பார்கள்? அடிப்பார்கள் என்று காதில் விழுந்தால், மற்ற எந்தப் பதிலும் முக்கியமில்லை. ஆளைக் கட்டித் தூக்கிப் போகும் இடத்துக்கு அனுப்பவே வேண்டாம்.

ஆள் இருவரானதும்: நம் பக்கத்திலேயே ஒரு குழு

சில மாதம் சிரம்பானுக்குப் போய் வந்தபின், பஸ்ஸில் பகாவ் பக்கத்திலிருந்தோ ஜொகோலிலிருந்தோ வரும் இன்னொருவரைக் காண்பீர்கள். இருவர் சேர்ந்தால் ஏ.ஏ. வழக்கப்படி ஒரு குழு தொடங்கலாம். அவசரம் வேண்டாம். குறைந்தது ஒருவராவது சில காலம் குடிக்காமல் நிலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டம் மூன்றாம் வாரம் கடைக்கு இடம் மாறிவிடும்.

1. போய்க்கொண்டிருக்கும் குழுவிடம் முதலில் சொல்லுங்கள். தமிழ்ப் பிரசுரங்களும் கூட்டம் நடத்தும் முறையும் அவர்கள் வழியாக வரட்டும்.

2. இடம் தோட்டத்துக்குள் வேண்டாம், பட்டணத்தில் பாருங்கள். கோயில் மண்டபம், தேவாலய அறை, சங்கக் கட்டடம் எதுவானாலும் சரி. சிறிது வாடகை கொடுத்துவிடுங்கள். இலவசமாக வாங்கினால், கொடுத்தவர் ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து உபதேசம் செய்வார்.

3. நாளைச் சம்பளத்தைப் பார்த்து வையுங்கள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். அந்த வார இறுதியில் கூட்டம் தப்பவே கூடாது. மற்ற வாரம் மழை பெய்தால்கூடப் பொறுக்கலாம்.

4. ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. வாசிப்பு பத்து நிமிடம், ஒருவர் அனுபவம் இருபது நிமிடம், மற்றவர்கள் சுற்றுமுறையில் பேசுவது மீதி.

5. கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். அரசியல் தலைவரை அழைத்துத் திறப்பு விழா வைக்காதீர்கள், மாலை மரியாதையும் படமும் வேண்டாம். கிளினிக் நர்ஸிடமும் டிரெசரிடமும் ஒரு தொலைபேசி எண் மட்டும் கொடுத்துவையுங்கள்.

விரதம் முடியும் நாளுக்கு ஒரு கூட்டம் வையுங்கள். தைப்பூசம் வரை ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவர் காவடி இறக்கிய இரவே பழைய கூட்டாளிகளோடு உட்காருவது ஆண்டுதோறும் நடக்கிறது. அத்தனை வாரம் சுத்தமாக இருந்த உடம்பைக் கையில் வைத்திருப்பவரைப்போலத் தயாரான புதிய உறுப்பினர் வேறு கிடைக்க மாட்டார். மாலை கழற்றும் முன்பே அவரிடம் பேசுங்கள். கல்யாணம், கருமாதி, தீபாவளி ஆகியவற்றுக்கு முந்தின நாளும் அப்படித்தான்.

வீட்டாருக்கு

போதையில் இருக்கும்போது பேச்சு எடுக்காதீர்கள். மறுநாள் தலை தெளிந்து, வெட்கமும் இருக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது ஒரே ஒரு வேண்டுகோள்: ‘ஞாயித்துக்கிழமை என்னோட ஒரு தடவை வாங்க.’ பழைய கணக்கை அங்கே திறக்காதீர்கள்.

அவருக்குப் பதிலாக மண்டோரிடம் பொய் சொல்வதையும், கடைக்காரரின் கடனை அடைப்பதையும் நிறுத்துங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், குடித்தவர் உடம்புக்குச் சோறும், டாக்டர் தரும் வைட்டமின் பி1 மாத்திரையும் மிகவும் தேவை. அறையில் பூட்டி வைத்து ‘தெளிய’ விடுவது கூடாது. காரணம் மேலே, உடம்பைப் பற்றிய பகுதியில் இருக்கிறது.

கை நீட்டுகிறார் என்றால் கூட்டம் பிறகு. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு 15999, தாலியன் காசே எண்ணை அழையுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால்

நடக்கிறது. நடந்த அன்றே ஸ்பான்சரையோ குழுவில் ஒருவரையோ கூப்பிடுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள். நாள் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும், ஆளை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். குடித்த நிலையில் போனாலும் பெரும்பாலான குழுக்கள் உட்கார விடும், பேச மட்டும் விடாது.

நாள்கணக்கில் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால் மறுபடி தானாக நிறுத்தக் கூடாது. திரும்பவும் கிளினிக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அலமாரிக் கதவில் ஒட்டி வைக்க

- வலிப்பு, மயக்கம், பார்வை மங்கல், மூச்சுத் திணறல்: 999
- உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், அல்லது பேச ஆள் வேண்டும்: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, 24 மணி நேரமும்
- சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்: 15555
- வீட்டில் அடிதடி, பிள்ளைகளுக்கு ஆபத்து: 15999
- உங்கள் குழுவில் இரவு எத்தனை மணிக்கும் போன் எடுப்பேன் என்று சொன்னவரின் எண்: ________